நீ பந்து கொடுக்காதவன் என்று நான்தான் சொன்னேன்

சந்திரா, இந்தக் கடிதத்தைக் கட்சால் தீவில், கப்பல் நிற்கிற ஜெட்டியில் உன் அப்பா உன் கையில் கொடுப்பார். வாங்கியவுடன் சட்டைப்பையில் மடித்துச் செருகிவிடாதே. குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும் வேண்டாம். சாயங்காலம் பந்து போடுகிற ரிங் கட்டியிருக்கிற இடத்தில் பையன்களெல்லாம் கூடுவார்களாமே, அங்கே வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படி. உனக்குக் கூச்சமாக இருந்தால் வேறு யாரையாவது படிக்கச் சொல். இதில் நீ கூசுவதற்கு ஒன்றும் இல்லை. கூச வேண்டியதெல்லாம் என் பங்கில்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசிக் கெடுத்தவள் நான். கெடுத்தது நாலு பேர் முன்னால், திருத்துவது மட்டும் ஒட்டிய உறைக்குள் என்றால் அது நியாயமா?

போன தடவை தான் வேலை பார்க்கிற கப்பல் அங்கே நின்றபோது உன்னைப் பார்த்துவிட்டு வந்தார் உன் அப்பா. என்ஜின் ரூம் சத்தத்திலேயே காலம் கழித்து அவருக்குப் பேச்சே குறைந்துபோனது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "பையன் நல்லாத்தான் இருக்கான். ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேல பிடிபட்டுட்டு. சிலோன்ல இருந்து வந்த பயலுவ மரத்துல ஒரு ரிங் அடிச்சு வச்சு ஆடுதானுவ. இவன் ஆடல, ஓரமா உக்காந்து பாக்கான்" என்றார். "ஏன், காலு கீலு வலிக்காமா?" என்றேன். "கேட்டேன். 'நான் பந்து குடுக்காத பயல்லா, எங்கூட யாருப்பா ஆடுவா? பெத்தவளுக்குத் தெரியாதா, அம்மையே சொல்லிட்டா'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்." நீ கோபமாகச் சொன்னதாக இருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னாய் என்றதும் நான் அழ ஆரம்பித்தேன். அவர் எழுந்து வெளியே போகும்போது, "எங்கிட்ட அழுது என்ன செய்ய? அவன்கிட்ட சொல்ல வேண்டியத அவன்கிட்ட சொல்லு" என்றார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன்னோடு சேர்ந்து கேட்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் திருநெல்வேலிப் பக்கத்தவள். போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில், டீயும் வடையும் போடுகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே கூடைப்பந்து ஆடுகிற இடம். முதலில் மண் தரையாக இருந்தது, பிறகு சிமெண்ட் போட்டார்கள். ஓரத்தில் யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் கட்டிவிட்டுப்போன பங்கர் ஒன்று உண்டு. ஆட்டம் நடந்தால் அதன்மேல் ஏறி நிற்பதற்குக் கூட்டம் அடித்துக்கொள்ளும். வங்காளி, மலையாளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று எல்லாரும் ஆடுவார்கள், எல்லாரும் பார்ப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்ப வேண்டுமென்றால் என் அடுப்படியில் கிளம்பினால் போதும், டீ ஆறுவதற்குள் டாலிகஞ்ச் பேட்டை வரை போய்விடும். இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வாயை எவ்வளவு காபந்து பண்ணியிருக்க வேண்டும்!

நான் உன்னைப் புகழ்ந்து நீ கேட்டதில்லை. நீ மட்டும் அல்ல, யாருமே கேட்டதில்லை. உனக்கு முன்னால் உனக்கு ஒரு அண்ணன் பிறந்திருந்தான், அது உனக்குத் தெரியும். மதராஸில் கப்பல் ஏறும்போது அவன் கைப்பிள்ளை. கொழுகொழுவென்று இருப்பான். மேல்தளத்தில் யார் மடியில் பார்த்தாலும் அவன்தான். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளுவாள், ஒருத்தி "இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை" என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டில் மாதிரி ஆடுகிற கப்பலில் எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்க, நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். இங்கே வந்து இறங்கி, வீடு என்று ஒன்று அமைவதற்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டான். கொசுக்கடியில் வருகிற காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். உன் அப்பா அதை ஏற்றுக்கொண்டார். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். நீ பிறந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பிள்ளையை என் காதுபட எவரும் புகழ விடமாட்டேன், புகழ்ந்தால் அந்த இடத்திலேயே அதை மிதித்து அணைத்துவிடுவேன் என்று. இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ முதல் ரேங்க் வாங்கினாய் என்று டீச்சர் சொன்னபோது, "மத்த பிள்ளைகள்லாம் அன்னைக்கு லீவா டீச்சர்?" என்று கேட்டேன். உயரமாக வளர்ந்துவிட்டான் என்று யாராவது சொன்னால், "ஆமா, கமுகு மரம் கணக்கா வளந்திருக்கான். ஏறிப் பாத்தா ஒரு காயி கெடையாது" என்பேன். பக்கத்து வீட்டு நாகர்கோவில் அக்கா இதைக் கேட்டுச் சண்டைக்கே வருவாள். "சும்மா கெட, தங்கமான புள்ளையப் போயி" என்பாள். அவள் அப்படி மறுத்துச் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். நம் ஆட்களிடம் இது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம், சந்திரா. பெற்றவள் தாழ்த்திச் சொல்ல வேண்டும், எதிரில் இருக்கிறவள் தூக்கிச் சொல்ல வேண்டும். கணக்கு அங்கேயே நேராகிவிடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இந்த ஆட்டம் தெரியாதவர்களிடம் பந்தை வீசினால் அது திரும்பி வராது என்பது எனக்கு இத்தனை வயதுக்கு உறைக்கவே இல்லை.

நீ பந்தைக் கையில் எடுத்த பிறகு கடையில் உன் பேச்சுத்தான். "சந்தர், சந்தர்" என்று பங்கர் மேலிருந்து கத்துவார்கள். அப்போது டீமைப் பார்த்துக்கொண்டவர் மண்டல் பாபு. வங்காளி, ஏதோ ஆபீஸில் கிளார்க், சாயங்காலமானால் விசிலும் கழுத்துமாக நிற்பார். நல்ல மனுஷர், ஆனால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர். ஒரு நாள் நீ ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து டீயைக்கூடத் தொடாமல், "அரே அம்மா, ஆப்கா சந்தர் தோ கமால் கா பிளேயர் ஹை!" என்றார், உங்கள் சந்தர் அபாரமாக ஆடுகிறான் என்று. கடை நிறைய ஆட்கள். அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் எதிரே நின்ற உன் பக்கம் திரும்பியது. வாய்க்கு வந்ததைப் போட்டு மூடினேன். "க்யா கமால் பாபு? பஹுத் மத்லபி லட்கா ஹை. கிஸி கோ பால் நஹி தேதா!"

மத்லபி என்றால் தன் காரியத்தை மட்டும் பார்க்கிறவன். யாருக்கும் பந்து கொடுக்கமாட்டான் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர், "சேச்சே, அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. டீயை எடுத்து ஊதிக்கொண்டே யோசித்தார். நான் அதையும் கவனிக்காமல் அடுத்த ஈடு வடையைத் தட்டிப் போட்டேன். அதற்குப் பிறகு யார் உன்னைப் புகழ்ந்தாலும் அதே வார்த்தைதான் என் வாயில் வந்தது. நல்ல பலன் தருகிற மந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், பைத்தியக்காரி. கொஞ்ச நாளில் பங்கர் மேலிருந்து "பாஸ் கரோ மத்லபி!", பந்தைக் கொடுடா மத்லபி என்று ஒரு குரல் வந்தது. என் வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. சின்னப் பையன்கள், விளையாட்டுக்குக் கத்துகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

நீ அப்படி ஆடுகிறவனா? நான் பெற்றவள் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று யாரும் என்னைத் தள்ளிவிட முடியாது, பொன் என்று நான்தான் ஒருநாளும் சொன்னதில்லையே. எனக்கு ஆட்டத்தின் சட்டம் தெரியாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் எதிரே ரிங்தான். வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நம் பக்கம் லேசாக இருக்கும்போது பந்து எல்லார் கையிலும் சுற்றும். நீயும் கொடுப்பாய், அவர்களும் போடுவார்கள், ஆளுக்கொரு கைதட்டல் கிடைக்கும். ஆட்டம் இறுகிவிட்டால் உன் டீம்காரர்கள் கையில் பந்து நிற்காது. சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்கள் மாதிரி சட்டென்று உன்னிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். விழுந்தால் 'நம்ம டீம் ஜெயித்தது'. விழாவிட்டால் 'சந்தர் யாருக்கும் கொடுக்கவில்லை'. நீ பிடுங்கிக்கொண்டு போட்ட பந்து குறைவு, உன் தலையில் கட்டிய பந்துதான் அதிகம். இதை நான் அப்போதே பார்த்தேன், அப்போதே புரிந்தது. புரிந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் புகழ்ந்த மாதிரி ஆகிவிடுமே என்று பயம்.

அந்த ஃபைனல் ஆட்டத்தை எடுத்துக்கொள். எதிரே துறைமுகத்துப் பையன்கள், ஆளாளுக்குத் தடித்தடியாக. ஒரு பாயிண்ட் நாம் பின்னால். முடியப்போகிற நேரம், பந்து உன்னிடம். இரண்டு பேர் உன்னை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ரிங்குக்கு அடியில், ஓரமாக, ராஞ்சிப் பையன் பீட்டர் தனியாக நின்றான். அவனை மறிக்க ஆளே இல்லை. நீ அந்த இரண்டு பேர் கைக்கு அடியில் பந்தைத் தரையில் தட்டி அவனுக்கு அனுப்பினாய். எவ்வளவு அழகாகப் போனது தெரியுமா! நான் கையில் இருந்த டீ வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பீட்டர் பிடித்தான். மேலே பார்த்தான். முகம் வெளிறிப்போய், மறு நொடியில் உனக்கே திருப்பி எறிந்துவிட்டான். அதற்குள் நீ இன்னும் பின்னால் தள்ளப்பட்டிருந்தாய். அங்கிருந்து வீசினாய், ரிங்கில் அடித்து வெளியே போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் கடைசியாகப் பார்த்தது உன் கையைத்தான். "பீட்டர் காலியாக நின்றானே, கொடுத்திருக்கக் கூடாதா?" என்று என் கடையிலேயே பேசினார்கள். கொடுத்ததையும் அது திரும்பி வந்ததையும் பங்கர் மேல் குதித்துக்கொண்டிருந்தவர்களும், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டல் பாபுவும் கவனிக்கவில்லை போலும். நான் கவனித்தேன். பாலை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெயின்லேண்டுக்கு ஆடப் போகிற டீமுக்கு ஆள் எடுக்கிற நேரம் அது. நீ வீட்டில் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாய், ஆனால் ஷூவைத் துடைத்துத் துடைத்து வைத்தாய். மண்டல் பாபு ஒரு மத்தியானம் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது தனியாக வந்தார். என்னிடம் ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார். ஆட்டத்தில் அவனுக்கு இணை இல்லை, ஆனால் கப்பலிலும் வெளியூரிலும் எல்லாரோடும் சேர்ந்து இருக்க வேண்டும், பையன் வீட்டில் எப்படி, நீங்களே முன்பு சொன்னீர்களே என்றார். அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார், சந்திரா. இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் மறுத்துச் சொல்வதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். அந்தக் கப்பலில் நீ போகப்போகிறாய், இவ்வளவு பெரிய நல்லது வாசல்வரை வந்து நிற்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அதுவும் கப்பல். "கர் மே பி ஐஸா ஹீ, பாபு" என்றேன். வீட்டிலும் அப்படித்தான், தங்கச்சிக்கு ஒரு முறுக்கு உடைத்துக் கொடுக்கமாட்டான் என்றேன். நீயா? உன் பங்கையும் சேர்த்து அவளுக்குக் கொடுக்கிறவன் நீ. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சரிம்மா என்று போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்லவேளை, கண் படாமல் தப்பித்தது என்று உப்பும் மிளகாயும் எடுத்து வைத்தேன், நீ வந்ததும் சுற்றிப் போட.

டீமில் உன் பெயர் இல்லை. பீட்டர் பெயர் இருந்தது. நீ கடைக்கு வந்து நின்றாய். நீ கோபத்தில் கத்துகிறவன் இல்லை, அன்றைக்கும் கத்தவில்லை. "எம்மா, நான் மத்லபின்னு நீ பாபுகிட்ட சொன்னியா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய், நீயும் என் வயிற்றில் பிறந்தவன்தானே. நான், "எந்தக் கிறுக்கன் சொன்னான்? பெத்த புள்ளைய நான் எதுக்குல அப்படிச் சொல்லப்போறேன்?" என்றேன். என் பேச்சை அப்படியே நம்பி எதிரே இருந்த மண்டல் பாபுவிடம் போனாய். "எங்க அம்மா அப்படிச் சொல்லவே இல்லை, நீங்க பொய் சொல்றீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். எனக்கு இங்கே கேட்டது. அவர் நிதானமாக, "தோ அம்மா கோ புலாவ்" என்றார், உன் அம்மாவைக் கூப்பிடு என்று. நீ ஓடி வந்தாய். "வாம்மா, ஒரே வார்த்தை, வந்து சொல்லிட்டுப் போ" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு, முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது, இதோ முடிந்துவிடும் என்று. நான் அடுப்பைப் பார்த்தேன். "பாலு பொங்குது, இப்பம் எங்க வர?" என்றேன்.

பால் பொங்கவில்லை. அடுப்பில் அப்போதுதான் வைத்திருந்தேன். நீ பாலைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியாது, நான் தலையைத் தூக்கவில்லை. திரும்பிப் போய் அவரிடம், "சாரி பாபு" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாய். அதற்குப் பிறகு நீ அந்தச் சிமெண்ட் தரையில் கால் வைக்கவில்லை. கட்சாலில் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டினாய். கப்பல் ஏறும்போதுகூட "உடம்பப் பாத்துக்கம்மா" என்றுதான் சொன்னாய். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் ஒரு வார்த்தை ஏசி, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தன் வாயால் தான் கெட்டது, நான் என் வாயால் உன்னையல்லவா கெடுத்தேன். ஊர் உன்னைச் சுயநலக்காரன் என்றது. உள்ளபடி சுயநலம் யாருக்கு? என் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது, என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. உன் நல்ல பெயரை அதற்கு விலையாகக் கொடுத்தேன்.

உன் அப்பா வந்து சொன்ன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிரே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மெயின்லேண்ட் போன டீம் திரும்பி வந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, விறுவிறுவென்று நடந்து ஆடுகிற இடத்துக்கு நடுவில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தரையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மண்டல் பாபு விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லாரும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். என் ஹிந்தி உனக்குத் தெரியும், ஆண்பால் பெண்பால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று உருளும். வந்த வரைக்கும் சொன்னேன். "மேரா பேட்டா மத்லபி நஹி ஹை. மைனே ஜூட் போலா." என் மகன் சுயநலக்காரன் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று. சந்திரன் அன்றைக்கு உங்களிடம் சண்டை போட்டது என் பேச்சை நம்பி, அவனையும் நான் பொய்யனாக்கிவிட்டேன் என்றேன். பங்கர் மேலிருந்து சிரிப்பார்கள் என்று நினைத்துப் போனேன், ஒருத்தரும் சிரிக்காததுதான் கஷ்டமாக இருந்தது.

அப்படியென்றால் ஏன் சொன்னீர்கள் என்று பாபு கேட்டார். கண் படக்கூடாது என்று சொன்னேன், எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் என்றேன். "நஜர் தோ ஹமாரே யஹான் பி லக்தி ஹை, அம்மா" என்றார். கண்ணேறு எங்களுக்கும் உண்டு, நாங்களும் பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கிறோம், நீங்கள் முகம் முழுக்கப் பூசிவிட்டீர்களே என்றார். அவர் என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் மேல் உனக்கு மனஸ்தாபம் இருந்தால் விட்டுவிடு, ஐயா. பெற்றவள் வார்த்தையை நம்பியதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

திரும்பி நடக்கப் போனேன். பந்து பீட்டர் கையில் இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாபு, ஃபைனல் மே சந்தர் நே முஜே தியா தா. மைனே டர் கே வாபஸ் கர் தியா" என்றான். சந்திரன் எனக்குக் கொடுத்தான், நான்தான் பயந்து திருப்பிவிட்டேன் என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். "இத்தன நாளா வாயில என்னல வச்சிருந்த?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். என்ன கேட்டேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவே அப்படிச் சொல்கிறார்கள், நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டேன் என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குமேல் அவனிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் ஒரு நொடி பயந்தான், நான் உன் பிறப்பிலிருந்து பயந்தேன். உனக்கு ஒரு தடவை எழுத வேண்டும் என்று உன் விலாசம் கேட்டிருக்கிறான். எழுதினால் பதில் போடு.

நான் கிளம்பும்போது பாபு கூடவே கடைவரை வந்தார். போன சான்ஸ் போனதுதான் என்று மறைக்காமல் சொன்னார். அடுத்து ஆள் எடுக்கும்போது வெளித்தீவில் இருக்கிறவர்களையும் பார்ப்பார்களாம். "ஆனால் ஆடாதவனை நான் எப்படிப் பார்க்கிறது? ஆடிக்கொண்டிருக்கிறானா?" என்று கேட்டார். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. டீம் கீம் எல்லாம் அப்புறம், அது கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறாய் என்றாரே உன் அப்பா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை மன்னித்த பிறகுதான் ஆட வேண்டும் என்று இல்லை. மன்னிக்காமலே ஆடு. என் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் பந்தில் வைத்து அடி. ஆனால் எழுந்து ஆடு.

உனக்குக் கல்யாணம், பிள்ளை குட்டி என்று வரும். அப்போது இந்த அம்மா சொன்ன எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேள். பிள்ளையைப் பற்றி ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், ஆனால் முதலில் அதன் காதில் நல்லதைச் சொல்லிவிட்டுச் சொல். வீட்டுக்குள் ஒரு முறையாவது புகழ்ச்சியைக் கேட்டிருக்கிற பிள்ளைக்கு, வெளியே அம்மா சும்மா சொல்கிறாள் என்று தெரியும். நீ கேட்டதில்லை. அதனால் நான் வேடிக்கையாகச் சொன்னதும் உனக்கு உண்மையாகத்தான் விழுந்தது. மண்டல் பாபுவாவது வேற்று பாஷைக்காரர். உன்னிடம் தமிழிலேயே பேசி உன்னையும் அவரைப் போல நம்ப வைத்துவிட்டேன் பார். இன்னொன்று, தப்பு செய்தால் அடுப்பைப் பார்க்காதே. ஆளைப் பார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மாக்கள் சிலோன் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள், என்னைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களும் உங்களை இப்படித்தான் ஏசுவார்கள். ஏன் ஏசுகிறார்கள் என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். என் மகனை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வரும்போது பந்தை அவன் தலையில் கட்டிவிட்டு நகராதீர்கள். அவன் உங்களுக்குக் கொடுப்பான். கொடுத்தால் திருப்பாதீர்கள், பயந்தாலும் போடுங்கள்.

எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, சந்திரா. அத்தனை பேர் நடுவில் உன்னைப் பற்றி நல்லது சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து, மரம் விழுமோ, பாம்பு கடிக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். சுற்றிப் போட உப்பு மிளகாய் கட்டிக் கொடுத்துவிடட்டுமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் முறைத்தார். கொடுத்துவிடவில்லை. உன்னை யார் புகழ்ந்தாலும் அதன் வாலில் ஒரு குறையைக் கட்டித்தான் இத்தனை காலமும் திருப்பி அனுப்பினேன். ஊரிடம் சொல்லியாகிவிட்டது, உன் முகத்துக்கு நேரே இன்னும் சொல்லவில்லை. எழுத்தில் வராது எனக்கு, பேசுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின்னால் எதையும் கட்டப்போவதில்லை.

ஏல ஐயா, நீ நல்லா ஆடுத. பந்து குடுத்துதான் ஆடுத. நான் பாத்தேன்.

அம்மா